கத்தியின் நிறத்தை நீக்கப் புறப்படும் தோழர்களுக்கு

மடக்குக் கத்திகளைக் கழற்றிப் பூட்டுவதில் விருப்பமுள்ள தோழர்களுக்கு,



கத்தியில் எல்லாம் பிடித்திருக்கிறது, அந்த நீலத் திருகு மட்டும் கண்ணை உறுத்துகிறது என்று சொல்பவர்கள் உங்களில் பலர். வேறு சிலருக்கு, பல வருடம் பாக்கெட்டில் உரசி உரசிப் பாதி நிறம் போய்த் திட்டுத்திட்டாக நிற்கும் கிளிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை. நிறத்தை எடுத்துவிட்டு உலோகத்தை அதன் சொந்த முகத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறு எதுவும் இல்லை. உங்கள் பொருள், உங்கள் ரசனை. எனக்குக் கவலை தருவது அதற்கு அடுத்து வரும் கேள்விதான். "எந்த ஆசிட்டில் போட்டால் போகும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறீர்கள். பதில் சொல்பவர்களும் பாத்ரூம் ஆசிட் என்றும், துருக்கறை நீக்கி என்றும், சக்கரம் கழுவும் திரவம் என்றும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறார்கள்.

ஆசிட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன் உலோகத்தைப் பற்றிக் கேளுங்கள். அலுமினியமாக இருந்தால் அமிலம் தேவையில்லை, காரம் போதும், அதையும் அளந்துதான். டைட்டானியமாக இருந்தால் அமிலமும் வேண்டாம், காரமும் வேண்டாம், ஒரு துண்டு வாட்டர் பேப்பர் போதும். இந்த மடலில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் ஏன் அப்படி என்று தெரியாமல் இதை மனதில் வைத்துக்கொண்டால், அவசரத்தில் மறந்துபோகும். அதனால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

அலுமினியம், டைட்டானியம் இரண்டிலும் நிறம் ஏற்றும் முறைக்கு அனோடைசிங் என்றுதான் பெயர். இரண்டிலும் உலோகத்தை ஒரு திரவத்துக்குள் இறக்கி, மின்சாரத்தின் நேர்முனையில் இணைத்து, அதன் மேல் ஆக்சைடு படலத்தை வளர்க்கிறார்கள். ஒற்றுமை அதோடு முடிந்துவிடுகிறது.

அலுமினியத்தில் வளரும் படலம் நுண்துளைகள் நிறைந்தது. சாயத்தில் அமிழ்த்தினால் அந்தத் துளைகளுக்குள் சாயம் இறங்கும். பிறகு கொதிநீரில் வைத்தால் துளைவாய்கள் அடைபட்டுச் சாயம் உள்ளேயே தங்கிவிடும். பிரிட்டனில் பெங்கோ, ஸ்டூவர்ட் என்ற இருவர் 1923-இல் குரோமிக் அமிலம் கொண்டு இந்த முறையைத் தொடங்கியபோது அவர்கள் நோக்கம் அழகு அல்ல. கடல் விமானங்களின் அலுமினியக் கலவை பாகங்களை உப்புத் தண்ணீர் அரிக்காமல் காப்பது. 1927-இல் கந்தக அமில முறை வந்தது. இன்று கத்திக் கைப்பிடிகளில் நீங்கள் பார்க்கும் சிவப்பும் பச்சையும் கறுப்பும் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவையே. படலத்தின் கனம் ஐந்து மைக்ரானிலிருந்து இருபத்தைந்து மைக்ரான் வரை இருக்கும்.

டைட்டானியத்தில் சாயமே கிடையாது. அங்கே வளரும் படலம் நிறமற்றது. சில பத்து நானோமீட்டரிலிருந்து இருநூறு நானோமீட்டர் சொச்சம் வரைதான் கனம். அதாவது அலுமினியப் படலத்தோடு ஒப்பிட்டால் நூறில் ஒரு பங்கு அளவுக்கு மெல்லியது. மழை பெய்த சாலையில் சிந்திய பெட்ரோல் வானவில்லாகத் தெரிகிறதே, அதே விளைவுதான் இங்கேயும். படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், அடியிலுள்ள உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலக்கும்போது சில நிறங்கள் வலுக்கின்றன, சில அடங்கிவிடுகின்றன. கனத்தைத் தீர்மானிப்பது மின்னழுத்தம். சுமார் 30 வோல்ட்டில் நீலம், 60-ஐ ஒட்டிப் பொன்னிறம், 75 வாக்கில் ஊதாவும் இளஞ்சிவப்பும், 100-ஐ நெருங்கும்போது பச்சை. ஒன்பது வோல்ட் பேட்டரிகளை வரிசையாகக் கோத்து, சமையல் சோடா கரைசலில் வைத்து வீட்டிலேயே இதைச் செய்கிறவர்கள் உண்டு.

அமெரிக்காவில் கத்தி செய்பவர்கள் இந்த உலோகத்தைக் கையில் எடுத்ததற்கு நிறம் மட்டும் காரணமல்ல. லைனர் லாக் என்ற பூட்டை 1980-களின் தொடக்கத்தில் வடிவமைத்த மைக்கேல் வாக்கர், வளைந்து மீளும் தன்மைக்காகவே டைட்டானியத்தைக் கத்திக்குள் கொண்டுவந்தார். அதன் நிறங்களோடு விளையாடிப் பார்த்தவர்களிலும் அவர் முன்னோடி. தென் ஆப்பிரிக்காவிலிருந்து 1989-இல் ஐடஹோவுக்குக் குடிபெயர்ந்த கிறிஸ் ரீவ் தம் செபென்சா கத்தியின் கைப்பிடி முழுவதையுமே டைட்டானியத்தில் செய்தார். அந்த மரபில் வந்த கத்திகளில்தான் இன்று நீலக் கட்டைவிரல் குமிழையும், ஊதா இடைக்கட்டைகளையும், பொன்னிறத் திருகுகளையும் பார்க்கிறோம்.

சரி, கையில் இருக்கும் பாகம் எந்த உலோகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காந்தத்தை முதலில் கொண்டுவாருங்கள். இழுத்தால் எஃகு. அலுமினியமும் டைட்டானியமும் காந்தத்தைச் சட்டை செய்யாது. சில வகைத் துருப்பிடிக்காத எஃகும் ஒட்டாது என்பதால் காந்தம் மட்டும் போதாது, எடையையும் பாருங்கள். அலுமினியத்தின் அடர்த்தி 2.7, டைட்டானியம் 4.5, எஃகு 7.8. ஒரே அளவுத் திருகுகளை உள்ளங்கையில் வைத்தாலே வித்தியாசம் தெரியும். சந்தேகமாக இருந்தால் நகைத் தராசு இருக்கிறது.

நிறமே ஒரு சாட்சி. டைட்டானியத்தில் இந்த முறையில் கறுப்பு வராது. மிளகாய்ப் பழச் சிவப்பும் வராது. ஆகவே பளிச்சென்ற சிவப்பு வளையத்தைக் கண்டால் அது சாயமேற்றிய அலுமினியம் என்று ஏறத்தாழ முடிவு கட்டிவிடலாம். டைட்டானியக் கைப்பிடியில் கறுப்பு இருந்தால் அது அனோடைசிங் அல்ல, வெற்றிடத்தில் படியவைத்த கடினப் பூச்சு. எஃகுத் திருகின் பொன்னிறமும் பெரும்பாலும் அப்படிப்பட்ட பூச்சுதான். அந்தப் பூச்சுகளைப் பற்றி இந்த மடலில் நான் பேசப்போவதில்லை. அவற்றை வீட்டில் எடுக்க முயல்வதைவிட நிறமில்லாத மாற்றுத் திருகு வாங்குவது மலிவு.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. பாகத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு கட்டைவிரலை மூக்கின் ஓரத்தில் ஒருமுறை தடவி, அந்த எண்ணெய்ப் பசையோடு பாகத்தின் மேல் ஒரு கோடு இழுங்கள். டைட்டானியமாக இருந்தால் விரல் போன தடத்தில் நீலம் மங்கிச் சாம்பல் பூத்ததுபோல மாறும். மறுபடி ஸ்பிரிட்டால் துடைத்தால் நீலம் அப்படியே திரும்பி வரும். மேலே ஓர் எண்ணெய் ஏடு படிந்ததும் ஒளியின் கணக்கு மாறிவிடுவதே காரணம். அலுமினியத்தின் சாயம் இதற்கெல்லாம் அசையாது. ஈரத்தில் கொஞ்சம் அடர்த்தியாகத் தெரியும், அவ்வளவுதான். மல்ட்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் செய்து பார்க்கலாம். அனோடைஸ் செய்த அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தாது. இரண்டு முனைகளையும் அழுத்திக் கீறாமல் மேலோட்டமாக வைத்தால் மீட்டர் அசையாமல் நிற்கும்.

எந்தப் பாகமாக இருந்தாலும் கத்தியை முழுக்கக் கழற்றிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். கத்தி இலையை முதலில் எடுத்துத் தடித்த காகிதத்தில் சுற்றி ஒதுக்கி வையுங்கள். திருகுகள் ஒரே மாதிரி தெரிந்தாலும் நீளம் மாறுபடும். கழற்றும் வரிசையில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. திருகு அசைய மறுத்தால் பலத்தைக் காட்டாதீர்கள். மரையில் பசை இருக்கும். சூடான சால்டரிங் அயர்ன் முனையைத் திருகுத் தலையில் சிறிது நேரம் வைத்தால் பசை இளகும். ஸ்விஸ் நாட்டு விக்டோரிநாக்ஸின் அலாக்ஸ் வகைக் கத்திகள் ரிவிட் அடித்தவை, கழற்ற முடியாது. அவற்றின் உட்தகடுகளும் அலுமினியம்தான். அதை அப்படியே காரத்தில் முக்கினால் வெளியே தெரியாத இடங்களையெல்லாம் காரம் தின்றுவிடும். அந்தக் கத்தியை விட்டுவிடுங்கள் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

இனி டைட்டானியம். ஆபத்தான யோசனைகள் அதிகம் உலவுவது இங்கேதான் என்பதால் இதை முதலில் எடுக்கிறேன்.

டைட்டானியம் ஆக்சைடு பிடிவாதமான பொருள். வினிகர், எலுமிச்சை, காஸ்டிக் சோடா எதற்கும் வீட்டுச் சூழலில் அது இறங்கி வராது. அதைச் சட்டென்று கரைப்பது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். அமெரிக்காவில் துணிகளின் துருக்கறையை எடுக்க விற்கும் சில திரவங்களில் அது கொஞ்சம் உண்டு. அதில் திருகைப் போட்டால் சில நொடிகளில் நிறம் போய்விடும். செய்து பார்த்தவர்கள் அந்த வேகத்தில் மயங்கி மற்றவர்களுக்கும் பரிந்துரைக்கிறார்கள். அம்மோனியம் பைஃபுளோரைடு என்ற உப்பு கலந்த சக்கரம் கழுவும் திரவங்களும் இதே வேலையைச் செய்கின்றன, ஏனென்றால் தண்ணீரில் அந்த உப்பும் அதே அமிலத்தைத்தான் தருகிறது.

தோழர்களே, இதைச் சாதாரண ஆசிட்டுகளோடு சேர்த்து நினைக்காதீர்கள். கந்தக அமிலம் பட்டால் உடனே சுடும், கையை உதறிக்கொண்டு ஓடுவீர்கள். நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் பட்டால் அப்போதைக்கு எதுவுமே தெரியாமல் போகலாம். வலி தொடங்கப் பல மணி நேரம் ஆகும். சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். அதற்குள் ஃபுளோரைடு தோலுக்கு அடியில் இறங்கி, திசுக்களிலும் எலும்பிலும் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டே போகும். உடம்பில் போதுமான அளவு ஏறிவிட்டால் ரத்தத்தில் கால்சியம் சரிந்து இதயத் துடிப்பு தடுமாறும். அதனால்தான் இந்த அமிலத்தைக் கையாளும் தொழிற்கூடங்களில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அது இருக்கிறதா? பக்கத்து மருத்துவமனையில் இரவு பதினொரு மணிக்கு, என் விரலில் பட்டது ஹைட்ரோஃபுளோரிக் என்று உங்களால் சொல்ல முடியுமா, அல்லது புட்டியில் என்ன இருந்தது என்றே தெரியாமல் போய் நிற்பீர்களா? ஒரு திருகின் நீலத்துக்காக இந்தக் கேள்விகளை எதிர்கொள்ளவே வேண்டாம். லேபிளில் ஹைட்ரோஃபுளோரிக், பைஃபுளோரைடு, ஃபுளோரைடு என்று எதைப் பார்த்தாலும் வாங்காதீர்கள். லேபிளே இல்லாத புட்டியை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள்.

இத்தனைக்கும் நாம் நீக்க நினைக்கும் படலம் எவ்வளவு மெல்லியது? ஒரு தலைமுடியின் கனத்தில் முந்நூற்றில் ஒரு பங்குகூட அநேகமாகத் தேறாது. தேய்த்தால் போய்விடும்.

ஒரு கண்ணாடித் துண்டின் மேல் 1000-ஆம் எண் வாட்டர் பேப்பரைப் படியவைத்து, சோப்புத் தண்ணீர் சில சொட்டு விட்டு, தட்டையான பாகத்தை விரல் நுனியால் லேசாக அழுத்தி ஒரே திசையில் இழுங்கள். நிறம் முதலில் மேட்டில்தான் போகும். நீலம் முழுசாக மறைவதற்கு முன் அதன் ஓரம் வைக்கோல் நிறமாகவும் பழுப்பாகவும் மாறுவதைக் கவனியுங்கள். படலம் மெலிய மெலிய அது ஏறி வந்த நிறங்களின் வழியே திரும்ப இறங்குகிறது. அதைப் பார்ப்பதற்காகவே இந்த வேலையை மெதுவாகச் செய்யலாம். கடைசியில் வெளிறிய சாம்பல் நிற உலோகம் தெரியும். விளிம்புகளிலும் வளைவுகளிலும் பச்சை நிறப் பாத்திரம் தேய்க்கும் நாரை, ஸ்காட்ச் பிரைட்டைத்தான் சொல்கிறேன், சின்னதாக நறுக்கிப் பயன்படுத்துங்கள். மணலடித்த சொரசொரப்பு முகம் உள்ள பாகம் என்றால் பேப்பர் வேண்டாம். அது மேடுகளை மட்டும் மழுக்கிப் பளபளப்பாக்கிவிடும். நாரால் வட்டவட்டமாகத் தேய்த்தால் ஓரளவு பழைய முகம் நிற்கும். முழுசாக நிற்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

திருகின் தலையைத் தேய்ப்பது எளிது. அதன் மரைப் பகுதியைக் காகித நாடாவால் சுற்றி, கைத் துளைப்பானின் வாயில் மெல்லப் பூட்டி, மெதுவாகச் சுழலவிட்டு, நனைத்த வாட்டர் பேப்பரைத் தலையில் பிடித்தால் வட்டக் கோடுகளோடு அழகாக வந்துவிடும். நட்சத்திரக் குழிக்குள் நிறம் மிஞ்சும். அதை விட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம். பொறித்த எழுத்துகளின் பள்ளத்தில் தங்கும் நீலமும் அப்படித்தான். வெறும் உலோகத்தின் நடுவே அது நன்றாகவே இருக்கிறது.

எப்போதும் ஈரமாகத் தேயுங்கள். டைட்டானியத்தின் நுண்தூள் தீப்பிடிக்கக் கூடியது. பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றி அணைக்கவும் முடியாது. பெஞ்ச் கிரைண்டரில் வைத்து உலர்வாக அரைத்துத் தரையில் தூளைக் குவிப்பது வீட்டில் செய்யத்தக்க வேலை அல்ல. கையால் நனைத்துத் தேய்க்கும்போது வரும் கறுப்புச் சேற்றைத் துணியில் துடைத்து எடுத்தால் போதும்.

தொடக்கூடாத இடங்களும் உண்டு. ஃபிரேம் லாக், லைனர் லாக் கத்திகளில் பூட்டுத் தகட்டின் நுனி இலையின் அடிப்பகுதியில் வந்து முட்டும் முகம் இருக்கிறதே, அங்கே பேப்பரைக் கொண்டுபோகாதீர்கள். படலம் அங்கே இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அந்த முகத்தின் சாய்வு கொஞ்சம் மாறினாலும் பூட்டு வழுக்கும். வழுக்கினால் இலை மடங்குவது உங்கள் விரல் மேல். இலையை மூடிய நிலையில் பிடித்திருக்கும் சிறு குண்டையும், வாஷரோ பேரிங்கோ உட்காரும் வட்டத்தையும் அதேபோல் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. உங்களில் பலர் நிறத்தை நீக்க நினைப்பதே வேறு நிறம் ஏற்றுவதற்காக. நீலம் இருக்கும் பாகத்தைப் பொன்னிறமாக்க நீலத்தை எடுக்கத் தேவையில்லை. அதிக வோல்ட்டுக்குப் போனால் இருக்கும் படலத்தின் மேலேயே வளர்ந்து புது நிறம் வந்துவிடும். பச்சையிலிருந்து நீலத்துக்கு இறங்கத்தான் முடியாது. அப்போதுதான் தேய்த்துத் தொடங்க வேண்டும்.

அலுமினியத்துக்கு வருவோம். இங்கே தேய்ப்பது வீண் உழைப்பு. படலம் கனமானது, அடியிலுள்ள உலோகத்தைவிடப் பல மடங்கு கடினமானது. படலம் போவதற்குள் விளிம்புகள் உருண்டுவிடும். அனோடைசிங் பட்டறைகளில் பழுதான பாகத்தின் படலத்தை எடுக்கக் காஸ்டிக் சோடா தொட்டியில்தான் இறக்குகிறார்கள், பிறகு நைட்ரிக் அமிலத்தில் கழுவுகிறார்கள். வீட்டில் முதல் பாதி போதும். பாத்ரூம் கழுவும் ஆசிட் மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் அலுமினியத்தைச் சமமாகக் கரைக்காமல் குழிகுழியாகத் தின்னும். அதன் ஆவி பக்கத்தில் வைத்திருக்கும் இலையையும் ஸ்பிரிங்கையும் ஒரே இரவில் துருப்பிடிக்க வைத்துவிடும்.

கால் லிட்டர் பச்சைத் தண்ணீர். அதில் பத்து, பன்னிரண்டு கிராம் காஸ்டிக் சோடா. தண்ணீரில் சோடாவைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். எவர்சில்வர் கிண்ணமோ, பாலிபுரொப்பிலீன் டப்பாவோ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு அது சமையலுக்குத் திரும்பக் கூடாது. அலுமினியப் பாத்திரத்தில் செய்தால் பாத்திரமே கரையும் என்று சொல்ல வேண்டியதில்லை. கண்ணை முழுக்க மூடும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். வாசிக்கும் கண்ணாடி அதற்கு ஈடாகாது. கையுறை, முழுக்கைச் சட்டை, திறந்த ஜன்னல். அடுப்படி வேண்டாம், ஏனென்றால் வெளிவரும் வாயு ஹைட்ரஜன். டப்பாவை மூடியும் வைக்காதீர்கள்.

பாகத்தைச் சோப்புப் போட்டு எண்ணெய்ப் பசை போகக் கழுவி, பிளாஸ்டிக் கம்பியில் கட்டி இறக்குங்கள். முதலில் ஒன்றுமே நடக்காது. கரைசலில் சாயம் லேசாகக் கசியத் தொடங்கும். சிவப்பு வளையம் என்றால் அதைச் சுற்றி இளஞ்சிவப்புப் புகை இறங்குவது தெரியும். பிறகு விளிம்புகளில் ஊசிமுனைக் குமிழிகள். காரம் ஆக்சைடைக் கரைக்கும்போது வாயு வராது. குமிழி வருகிறது என்றால் காரம் உலோகத்தைத் தொட்டுவிட்டது என்று பொருள். மேற்பரப்பு முழுவதும் சீராகப் பொங்கும் நொடியில் வெளியே எடுத்துவிட வேண்டும். சில நிமிட வேலைதான், ஆனால் அந்தச் சில நிமிடமும் கண்ணை எடுக்கக் கூடாது. ஃபோன் வந்தால் அடிக்கட்டும்.

எடுத்ததும் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். பாகம் கரி பூசியதுபோல இருக்கும், பயப்பட வேண்டாம். கலவையிலிருந்த செம்பும் சிலிக்கனும் காரத்தில் கரையாமல் மேலே தங்கியதுதான் அது. பழைய பல்துலக்கும் பிரஷும் உலோகப் பாலிஷும் போட்டுத் தேய்த்தால் போய்விடும். பட்டறையின் நைட்ரிக் அமிலம் நமக்குத் தேவையில்லை.

இதில் இழப்பு ஒன்று இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். அனோடைசிங் படலம் உலோகத்தின் மேல் பூசியது அல்ல, உலோகத்திலிருந்தே விளைந்தது. வழக்கமான கந்தக அமிலப் படலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உள்நோக்கி வளர்ந்திருக்கும். பதினைந்து மைக்ரான் படலத்தை எடுத்தால் பாகம் அனோடைஸ் செய்வதற்கு முன் இருந்ததைவிட ஒரு பக்கத்துக்குப் பத்து மைக்ரான் சிறுத்திருக்கும். துளை என்றால் விட்டம் இருபது மைக்ரான் பெருத்திருக்கும். கூடுதலாக ஊறிய ஒவ்வொரு நிமிடமும் அதற்கு மேல். கைப்பிடியின் வெளிமுகத்தில் இது கண்ணுக்கே தெரியாது. இலை சுழலும் அச்சாணியின் துளையில் தெரியும். நல்ல கத்தியில் அச்சுக்கும் துளைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அது கூடினால் இலை பக்கவாட்டில் ஆடும், எவ்வளவு இறுக்கினாலும் சரியாகாது. ஆகவே துளைகளையும் மரைகளையும் ரப்பர் அடைப்பானாலோ உருக்கிய பாரஃபின் மெழுகாலோ அடைத்துவிட்டு முக்குங்கள். பெஞ்ச்மேட் 940-இன் பச்சை அலுமினியக் கைப்பிடிபோல அச்சாணி வழியாகவே உயிர்வாழும் பாகங்களுக்கு இது மிக முக்கியம். அலங்கார வளையம், திருகு மூடி, சாவிக் கொக்கி போன்றவற்றுக்கு இத்தனை பாடு வேண்டாம்.

இழப்பின் இன்னொரு பக்கம், கவசம் போவது. வெறும் அலுமினியம் மென்மையானது, சீக்கிரம் கீறும், வியர்வை பட்டு மங்கும், கையில் சாம்பல் கறை ஒட்டும். மெழுகுப் பாலிஷ் போட்டு வைத்தால் கொஞ்ச காலம் தாங்கும். நிறம்தான் பிடிக்கவில்லை, உறுதி வேண்டும் என்பவர்கள், படலத்தை நீக்கிய பின் பட்டறையில் கொடுத்துச் சாயமில்லாமல் மறுபடி அனோடைஸ் செய்துகொள்வதே சரி. கோவையிலும் அம்பத்தூரிலும் இந்தத் தொழில் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

காரம் தோலில் பட்டால் வழவழவென்று இருக்கும். தோலின் கொழுப்பை அது சோப்பாக மாற்றுகிறது என்பதே அந்த வழவழப்புக்குக் காரணம். உடனே ஓடும் தண்ணீரில், வழவழப்பு போன பிறகும் விடாமல், பதினைந்து நிமிடமாவது கழுவ வேண்டும். வினிகர் ஊற்றிச் சமன் செய்கிறேன் என்று புண்ணில் பரிசோதனை வேண்டாம். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்துத் தண்ணீர் விட்டபடியே மருத்துவமனைக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள். காரம் அமிலத்தைவிட ஆழமாக இறங்கும். கண்ணில் பட்டால், தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பார்வைக்கு ஆபத்து.

ஆனால் உங்கள் கையைவிட, உங்கள் வீட்டுக் குழந்தையை நினைத்துத்தான் இதை அதிகம் எழுதுகிறேன். ஃபிலடெல்ஃபியாவில் செவாலியர் ஜாக்சன் என்ற மருத்துவர் இருந்தார். குழந்தைகள் விழுங்கிய ஊக்கு, நாணயம், பொத்தான் எனப் பல பொருட்களை அறுவை செய்யாமல் குழாய்க் கருவி விட்டு எடுத்ததில் உலகப் புகழ் பெற்றவர். அவர் சேர்த்து வைத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் அந்த நகரத்தின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. ஆனால் அவரை நிம்மதியிழக்க வைத்தது ஊக்குகள் அல்ல. சமையலறையில் கிடந்த காஸ்டிக் சோடாவைச் சர்க்கரை என்று நினைத்து வாயில் போட்டு, உணவுக்குழாய் வெந்து, சுருங்கி, தண்ணீர்கூட இறங்காமல் வந்த குழந்தைகள். அந்த டப்பாக்களில் விஷம் என்று எழுதியே ஆக வேண்டும் என்று அவர் ஊர் ஊராகப் போய்ப் பல வருடம் வாதாடினார். 1927-இல் அமெரிக்க அரசு அதற்கென்றே சட்டம் இயற்றியது.

லேபிள் டப்பாவோடு போய்விடும். நீங்கள் கலக்கி மிச்சம் வைக்கும் கரைசலுக்கு லேபிள் கிடையாது, பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். அதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைக்கிற பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தப் பாட்டிலின் பிளாஸ்டிக்கையும் காரம் நாளடைவில் அரிக்கும், அது வேறு. வேலை முடிந்ததும் நிறையத் தண்ணீரோடு சாக்கடைக் குழாயில் ஊற்றிவிடுங்கள். குழாய் அடைப்பு எடுக்க விற்பதும் இதே பொருள்தான். வேண்டும்போது புதிதாகக் கலக்க ஐந்து நிமிடம் ஆகாது. மிச்சத் தூள் டப்பா பூட்டு போட்ட இடத்தில் இருக்கட்டும்.

திரும்பப் பூட்டும்போது மரைகளில் ஈரம் இல்லாமல் காயவைத்து, அச்சாணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இலை நடுவில் மூடுகிறதா, பூட்டு முழுசாக விழுகிறதா என்று பாருங்கள். விரித்த கத்தியின் முதுகை மரப்பலகையில் மெல்ல அழுத்திப் பார்த்துப் பூட்டு அசையவில்லை என்று தெரிந்த பிறகே பாக்கெட்டில் போடுங்கள்.

சேகரிப்பாளர்களிடம் விலை போகும் கத்தியாக இருந்தால் மூலப் பாகங்களில் கைவைக்காமல், நிறமற்ற மாற்றுத் திருகுகளை வாங்கிப் போட்டு, பழையவற்றைச் சிறு உறையில் எழுதி வைத்துவிடுங்கள். நீக்கிய பாகங்களோடு விற்பதாக இருந்தால், எதை எப்படி நீக்கினீர்கள் என்று வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். கையிலுள்ள பாகம் எந்த உலோகம் என்று சோதித்தும் பிடிபடவில்லையென்றால், அதை எதிலும் முக்காமல் எனக்கு எழுதுங்கள். காந்தம் என்ன சொன்னது, எடை எவ்வளவு, எண்ணெய் தொட்டபோது நிறம் மாறியதா என்ற மூன்றையும் சேர்த்து எழுதினால் பதில் சொல்வது எளிது.

அன்புடன்,
உங்களைப் போலவே கத்திகளைக் கழற்றிப் பூட்டும் ஒருவன்